வலைக் கடிதங்கள் வீடு வந்த வழி

1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 பிரவுசரோடு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் ஐந்தாம் பதிப்பையும் இலவசமாகக் கொடுத்தது. அதில் புது மின்னஞ்சல் கணக்கைச் சேர்க்க உட்கார்ந்தவரிடம் முதலில் பெயரைக் கேட்கும், அடுத்து முகவரியைக் கேட்கும். மூன்றாவது பக்கத்தில்தான் பலரும் திணறிப்போனார்கள். கடிதம் எந்த வகை சர்வரிலிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு சின்னப் பட்டியலைத் திறந்து காட்டும். பாப்3, ஐமேப், எச்டிடிபி. மூன்றே சொற்கள்.

இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. வந்த கடிதம் யாருடைய கணினியில் இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னவை. ஹாட்மெயிலோ யாகூவோ ஜிமெயிலோ, பிரவுசரில் பார்க்கும் கடிதங்களைத் தன் மேசைக் கணினியில் தான் விரும்பிய மென்பொருளில் படிக்க ஒருவர் பட்ட பாடெல்லாம் இந்தப் பதில்களின் மோதல்தான். அந்த மோதலில் சாதாரணப் பயனர் தன் கடிதங்களின் மேல் எவ்வளவு உரிமை பெற்றார், எவ்வளவு இழந்தார் என்பது சொல்லப்பட வேண்டிய வரலாறு.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன், 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியை வைத்தவரும் அவரே. கடிதம் அனுப்பும் முறையை ஜான் போஸ்டல் 1982-இல் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையாக எழுதினார். அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் உருவானது அது. பல்கலைக்கழகத்துப் பெரிய கணினிகளுக்கு அது சரியாகப் பொருந்தியது. ஆனால் அதே ஆண்டுகளில் மேசைக்கு மேசை சிறிய கணினிகள் வர ஆரம்பித்தன. மாலையில் அணைத்துவிட்டுப் போகிற கணினிக்கு ராத்திரி வரும் கடிதத்தை யார் வாங்கி வைப்பது?

1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் எழுதிய சில பக்க ஆவணம் இதற்கு வழி சொன்னது. எப்போதும் விழித்திருக்கும் பெரிய கணினி கடிதங்களை வாங்கி வைக்கும். சின்னக் கணினி நேரம் கிடைக்கும்போது போய் எடுத்துக்கொள்ளும். தபால் நிலையத்தில் பெட்டி வாடகைக்கு எடுத்தவர் அவ்வப்போது போய்க் கடிதங்களை அள்ளிவருவது போலத்தான். இதுதான் பாப். 1988-இல் மார்ஷல் ரோஸ் அதை மூன்றாம் பதிப்பாக வகுத்தார். பாப்3 என்ற பெயரில் இன்றும் புழங்குவது அதன் வழிவந்ததே.

பாப் பேசும் மொழி வியக்கத்தக்க அளவுக்கு எளியது. கணினி சர்வரைக் கூப்பிட்டு ‘யூசர்’ என்று பெயரையும், ‘பாஸ்’ என்று கடவுச்சொல்லையும் சொல்லும். ‘ஸ்டாட்’ என்றால் எத்தனை கடிதம் கிடக்கிறது என்று சர்வர் எண்ணிச் சொல்லும். ‘ரெட்ர் 1’ என்றால் முதல் கடிதத்தைக் கொடுக்கும். ‘டெலி 1’ என்றால் அதை அழிப்பதற்குக் குறித்துக்கொள்ளும். கடைசியில் ‘க்விட்’ சொன்ன பிறகுதான் உண்மையிலேயே அழிக்கும். இந்தக் கடைசி விதியில் நல்ல யோசனை இருந்தது. பாதியில் தொலைபேசி இணைப்பு அறுந்துபோனாலும் கடிதம் சர்வரில் பத்திரமாக இருக்கும். மறுபடி இணைத்தால் அதே கடிதங்கள் இன்னொரு தடவை வந்து விழும், அவ்வளவுதான். டயல்-அப் காலத்தில் ஒரே கடிதம் இன்பாக்ஸில் இரண்டு மூன்று முறை கிடந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் கிரிஸ்பின் 1986-இல் வேறு விதமாக யோசித்தார். கடிதத்தை ஏன் வீட்டுக்கு அள்ள வேண்டும்? அது சர்வரிலேயே இருக்கட்டும், எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் அதே கடிதங்கள், அதே கோப்புறைகள், படித்தது படிக்காதது என்ற அதே குறிகள் தெரியட்டும் என்றார். அதுதான் ஐமேப். ஒருவருக்கு ஒரு கணினியே அரிதாக இருந்த காலத்தில், ஒருவர் பல கருவிகளில் கடிதம் பார்ப்பார் என்று எண்ணிச் செய்த வேலை அது. அதன் முழுப் பயன் ஊருக்குத் தெரிய இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டு வழிகளும் ஏட்டில் இருந்தால் போதாது. சாதாரண ஆளின் கைக்கு எட்டும் மென்பொருள் வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக யூடோரா என்ற மென்பொருளை எழுதினார். தபால் நிலையத்திலேயே குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்டியின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார். பிறகு குவால்காம் நிறுவனம் அதை வாங்கி உலகம் முழுவதும் பரப்பியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதல் நாளிலேயே இணைப்புப் பெற்ற நகரங்களில் சென்னையும் உண்டு. கணக்கு இரண்டு வகை. ஷெல் கணக்கு வாங்கியவருக்குத் திரையில் வெறும் எழுத்துகள்தான். விஎஸ்என்எல்லின் கணினிக்குள் நுழைந்து, பைன் என்ற மென்பொருளில் அங்கேயே கடிதம் படித்து அங்கேயே பதில் எழுதிவிட்டு வெளியே வர வேண்டும். அதிகப் பணம் கட்டி டிசிபி-ஐபி கணக்கு வாங்கியவர் யூடோராவையோ நெட்ஸ்கேப்பையோ வீட்டுக் கணினியில் நிறுவி, பாப் வழியாகக் கடிதங்களை இறக்கிக்கொள்ளலாம்.

வாங்கிய இணைப்பு நேரம் மணிக்கு மணி கழிந்தது. தொலைபேசிக் கட்டணம் தனி. அதனால் இணைப்பில்லாமலேயே பதில்களை எழுதி அவுட்பாக்ஸில் அடுக்கிவைப்பார்கள். பிறகு மோடத்தை இயக்கி, ‘சென்ட் அண்ட் ரிசீவ்’ பொத்தானை அழுத்தி, போக வேண்டியவை போய் வர வேண்டியவை வந்ததும் இணைப்பைத் துண்டிப்பார்கள். வந்ததை ஆற அமரப் படிக்கலாம். மேசைக் கணினியில் கடிதம் இருப்பது அந்தக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்தியது.

ஹாட்மெயில் இதைத் தலைகீழாக்கியது. சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய சக ஊழியர் ஜாக் ஸ்மித்தும் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். சொந்தத் தொழில் பற்றி இருவரும் கடிதம் எழுதிக்கொள்ள அலுவலகத்தின் ஃபயர்வால் தடையாக இருந்தது. பிரவுசரே அஞ்சல் பெட்டியானால் எந்த அலுவலகத் தடையும் குறுக்கே வராது என்ற எண்ணம் அங்கே முளைத்தது. 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் தொடங்கியது. 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அதே ஆண்டில் யாகூ, ராக்கெட்மெயில் என்ற வலை அஞ்சலை நடத்திய நிறுவனத்தை வாங்கி யாகூ மெயிலைத் தொடங்கியது.

சொந்தக் கணினி இல்லாதவருக்கு இது பெரிய வரம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலத்தில், அரை மணி நேரக் காசு கொடுத்து உட்கார்ந்தவருக்கும் உலகம் முழுக்கச் செல்லும் முகவரி ஒன்று கிடைத்தது. வேலையோ வீடோ மாறினாலும் அந்த முகவரி மாறாது. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தை விட்டு விலகினால் முகவரியும் போய்விடும் என்ற கவலையிலிருந்து கோடிக்கணக்கானோரை வலை அஞ்சல் விடுவித்தது.

விலையும் இருந்தது. ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்பி. ஒரு மாதம் உள்ளே நுழையாமல் இருந்துவிட்டால் கடிதங்கள் அழிந்துபோகும். பத்து ஆண்டுக் கடிதங்களைச் சேர்த்துவைக்க அங்கே வழியே இல்லை. சொந்தக் கணினி வாங்கியவருக்கு அடுத்து வந்த ஆசை இயல்பானது: ஹாட்மெயில் கடிதங்களை வீட்டு ஹார்ட் டிஸ்குக்குக் கொண்டுவர வேண்டும்.

பட்டியலின் மூன்றாவது சொல்லான எச்டிடிபி அந்த ஆசைக்குத்தான் வந்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான அஞ்சல் நெறிமுறை அல்ல. வலைப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபியின் வெப்டாவ் என்ற நீட்சியின் மேல் மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருளுக்கும் தன் சேவைக்கும் இடையே போட்டுக்கொண்ட சொந்தப் பாதை. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஹாட்மெயில் தானாக வந்து சேர்ந்தது. யூடோரா வைத்திருந்தவருக்கு அந்தக் கதவு இல்லை. 2004 செப்டம்பரில், ஸ்பாம் அனுப்புவோர் இந்தப் பாதையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, மைக்ரோசாஃப்ட் அதைக் கட்டணச் சந்தாதாரர்களுக்கானதாகச் சுருக்கியது. 2009 செப்டம்பரில் முழுவதுமாக மூடியது.

யாகூவின் கதையும் இதே திசையில் போனது. இலவசமாகக் கொடுத்துவந்த பாப் வசதியை 2002 ஏப்ரலில் அமெரிக்காவில் நிறுத்தி, ஆண்டுக்கு 29.99 டாலர் கேட்டது. காரணம் எளிது. பிரவுசரில் ஒவ்வொரு கடிதத்தைத் திறக்கும்போதும் பக்கத்தில் விளம்பரம் தெரியும். யூடோராவில் கடிதம் மட்டுமே தெரியும். இலவசச் சேவை நடந்ததே அந்த விளம்பரப் பணத்தில்தான்.

அங்கே நுழைந்தார்கள் தன்னார்வ நிரலாளர்கள். யாகூபாப்ஸ் என்ற சிறு மென்பொருளைத் திறமூலமாக எழுதி வெளியிட்டார்கள். அதை வீட்டுக் கணினியில் நிறுவிய பிறகு, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் சர்வர் பெயர் கேட்கும் பெட்டியில் யாகூவின் பெயரை எழுதக் கூடாது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றோ 127.0.0.1 என்றோ எழுத வேண்டும். அது அந்தக் கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஏதோ ஒரு பாப் சர்வரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ‘யூசர்’, ‘பாஸ்’ என்று சொல்லும். யாகூபாப்ஸ் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, ஒரு மனிதர் பிரவுசரில் நுழைவது போல யாகூவுக்குள் நுழையும். பக்கத்தைப் படித்து, விளம்பரங்களையும் பொத்தான்களையும் ஒதுக்கிவிட்டு, கடிதத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கும். யாகூ தன் பக்க அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இது நின்றுபோகும். யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்து புதுப் பதிப்பை வெளியிடுவார். ஹாட்மெயிலுக்கும் மற்றச் சேவைகளுக்கும் இதே போன்ற கருவிகள் வந்தன.

கடிதம் வாங்குவதைவிட அனுப்புவது பலருக்குத் தலைவலியாக இருந்தது. எஸ்எம்டிபி பிறந்தபோது அதில் கடவுச்சொல் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த சர்வரிடமும் கடிதத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். ஸ்பாம் பெருகியதும் அந்தத் தாராளம் முடிந்தது. அனுப்புபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை 1999-இல் சேர்ந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ‘மை சர்வர் ரிக்வயர்ஸ் ஆதென்டிகேஷன்’ என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டவர்களுக்குக் கடிதம் வரும், போகாது. இணைப்புக் கொடுக்கும் பல நிறுவனங்கள் எஸ்எம்டிபி போகும் 25-ஆம் எண் போர்ட்டை அடைத்தன. பயனர்கள் அனுப்புவதற்கென்று 587 என்ற தனி எண் 1998-லேயே வகுக்கப்பட்டிருந்தும், அது பழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

2004 ஏப்ரல் 1 அன்று பால் பூகைட் உருவாக்கிய ஜிமெயிலை கூகுள் 1 ஜிபி இடத்தோடு அறிமுகப்படுத்தியது. ஹாட்மெயில் கொடுத்ததைப் போல ஐந்நூறு மடங்கு. அதே ஆண்டு நவம்பரில் பாப் வசதியையும் இலவசமாகத் திறந்தது. டிசம்பர் 7 அன்று மொசில்லாவின் தண்டர்பேர்ட் 1.0 வெளிவந்தது. விலை கொடுக்காமல் பெரிய அஞ்சல் பெட்டியும், விலை கொடுக்காமல் நல்ல மென்பொருளும் ஒரே பருவத்தில் கிடைத்தன. ‘பாப் புள்ளி ஜிமெயில் புள்ளி காம்’, போர்ட் 995, எஸ்எஸ்எல் டிக் என்பதைக் கணினி தெரிந்தவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஒரே கணக்கை வீட்டிலும் அலுவலகத்திலும் பாப் வழியாக எடுத்தால் ஓரிடத்தில் இறங்கியது இன்னோரிடத்தில் இறங்காது. பயனர் பெயருக்கு முன்னால் ‘ரீசன்ட்’ என்ற சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்தால் கடைசி 30 நாள் கடிதங்கள் இரண்டு இடத்துக்கும் வரும்.

2007 அக்டோபரில் ஜிமெயில் ஐமேப்பையும் இலவசமாகக் கொடுத்தது. கைப்பேசியிலும் கடிதம் பார்க்கத் தொடங்கிய காலம் அது. கிரிஸ்பின் இருபது ஆண்டுக்கு முன் எண்ணியது அன்றாட வாழ்க்கையானது. ஹாட்மெயில் 2009-இல் பாப் வசதியை எல்லோருக்கும் திறந்தது. அவுட்லுக் டாட் காம் என்று பெயர் மாறிய பின் 2013-இல் ஐமேப்பையும் சேர்த்தது. போட்டியும் பொது நெறிமுறையும் சேர்ந்து, மூடிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தன.

அமைக்கும் வேலையும் எளிதாயிற்று. 2009 டிசம்பரில் வந்த தண்டர்பேர்ட் 3, பெயர், முகவரி, கடவுச்சொல் என்று மூன்றை மட்டுமே கேட்டது. சர்வர் பெயர்களையும் போர்ட் எண்களையும் மொசில்லா ஒரு பொதுத் தொகுப்பில் திரட்டிவைத்து, முகவரியைப் பார்த்துத் தானே நிரப்பியது. அந்த ஒரு மாற்றம் எத்தனையோ வீடுகளில் ‘தெரிந்த பையனை’க் கூப்பிட வேண்டிய தேவையை நீக்கியது.

வீட்டில் ஒரு பிரதி இருப்பதன் அருமை 2011 பிப்ரவரி கடைசியில் தெரிந்தது. ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்கு அஞ்சல் பெட்டி காலியாகத் தெரிந்தது. கூகுள் தன் காந்த நாடாக்களில் இருந்த காப்புப் பிரதிகளிலிருந்து கடிதங்களை மீட்டுக் கொடுத்தது. மீண்டு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாப் வழியாக முன்பே இறக்கி வைத்தவர்களின் ஹார்ட் டிஸ்கில் கடிதங்கள் அப்படியே இருந்தன.

அடுத்த திருப்பம் பாதுகாப்பின் பெயரால் வந்தது. அதில் நியாயம் உண்டு. கணக்கின் முழுக் கடவுச்சொல்லையும் ஒரு மென்பொருளில் சேமித்து வைப்பது ஆபத்துதான். ஓஆத் என்ற முறையில் தண்டர்பேர்ட் ஒரு பிரவுசர் சாளரத்தைத் திறக்கும். பயனர் கூகுளின் பக்கத்தில் நேரடியாக நுழைந்து அனுமதி கொடுப்பார். மென்பொருளுக்குக் கடவுச்சொல் தெரியாது, ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கும். தனிநபர் கணக்குகளுக்கு வெறும் கடவுச்சொல் போதும் என்ற பழைய முறையை கூகுள் 2022 மே 30 அன்று நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 அன்று நிறுத்தியது. ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியவர்கள் 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்றை உருவாக்கிப் பழைய மென்பொருளில் பயன்படுத்தும் வழி மட்டும் மிஞ்சியது.

இதில் இழந்ததையும் சொல்ல வேண்டும். 1988-இல் ஒரு பல்கலைக்கழக ஊழியர் பொது ஆவணத்தைப் படித்துவிட்டு யாரிடமும் கேட்காமல் ஓர் அஞ்சல் மென்பொருளை எழுத முடிந்தது. இன்று அப்படி எழுதுகிறவர் முதலில் கூகுளிடமும் மைக்ரோசாஃப்டிடமும் தன் மென்பொருளைப் பதிவுசெய்து அடையாள எண் வாங்க வேண்டும். மேசை மென்பொருள் என்பதன் பொருளும் கரைகிறது. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் வேறு நிறுவனத்தின் ஐமேப் கணக்கைச் சேர்த்தால், கடிதங்கள் முதலில் மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போய் அங்கிருந்துதான் வருகின்றன என்பது 2023-இல் ஜெர்மனியின் ஹைசே செய்தித்தளம் எழுதியபோது பெரிய விவாதமானது. மேசையில் ஓடும் எல்லா மென்பொருளும் கடிதத்தை நேராக வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

வேறொரு திசையிலும் வேலை நடக்கிறது. கடிதங்களை மறையாக்கம் செய்து வைக்கும் புரோட்டான் மெயில், 2017 டிசம்பரில் பிரிட்ஜ் என்ற மென்பொருளைக் கட்டணச் சந்தாதாரர்களுக்கு வெளியிட்டது. சர்வரில் கடிதம் யாராலும் படிக்க முடியாத வடிவில் கிடப்பதால் சாதாரண ஐமேப் அங்கே செல்லாது. பிரிட்ஜ் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து மறையைப் பிரித்து, தண்டர்பேர்டுக்கு ஐமேப்பாகக் கொடுக்கும். சர்வர் பெட்டியில் எழுத வேண்டியது 127.0.0.1, போர்ட் 1143. யாகூபாப்ஸ் செய்த அதே உத்திதான். அன்று நிறுவனத்தின் விருப்பத்துக்கு எதிராக வெளியார் செய்ததை, இன்று கடிதத்தின் அந்தரங்கத்துக்காக நிறுவனமே செய்கிறது.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் தனிப் பங்கு உண்டு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள், பிறகு தகுதரம் எனப்பட்ட டிஸ்கி குறியீட்டுமுறை ஆகியவற்றில்தான் தமிழில் மின்னஞ்சல் எழுதினார்கள். அனுப்பியவர் பயன்படுத்திய எழுத்துரு பெறுபவரிடமும் இருக்க வேண்டும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ‘யூசர் டிஃபைன்ட்’ என்ற எழுத்துமுறைக்குத் தமிழ் எழுத்துருவை ஒருமுறை பொருத்திவைத்தால் கடிதங்கள் தமிழில் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து பகிர்ந்தபோது அவர்களை இணைத்ததும் இந்த அஞ்சல்தான்.

அந்தக் காலத்துக் கடிதங்கள் யூடோராவும் தண்டர்பேர்டும் பயன்படுத்திய எம்பாக்ஸ் என்ற எளிய வடிவில், பலருடைய பழைய ஹார்ட் டிஸ்குகளிலும் சிடிகளிலும் இருக்கக்கூடும். எம்பாக்ஸ் வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடிலும் திறக்கும். திறந்தால் மயிலையிலும் டிஸ்கியிலும் எழுதியவை புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய சிடிகள் கெட்டுப்போகும் முன் கோப்புகளைப் புதிய டிஸ்குக்கு நகலெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, எழுதியவர்களின் ஒப்புதலோடு ஒரு பொதுக் காப்பகத்தில் சேர்த்தால், இணையத் தமிழின் முதல் பத்தாண்டுப் பேச்சை அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் நேராகப் படிக்க முடியும்.